பாடநூல் வாங்கும் முன்: மதரஸாவின் படிக்கட்டு முறை கற்றுத் தருவது

ஜூன் மாதம் வந்துவிட்டால் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஹஜ்ரத், பையன் பி.காம். சேர்ந்திருக்கிறான், எந்தப் புத்தகம் நல்லது?" "மகள் ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப், என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் இப்படிக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எல்லோருக்கும் பொதுவான நல்ல புத்தகம் என்று எந்தப் பாடத்திலும் ஒன்று இல்லை. இந்த மாணவருக்கு, அவர் இப்போது நிற்கும் படியில், இந்த ஆண்டில் எது பொருந்தும் என்பதே கேட்க வேண்டியது.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றலாம். நம் மஹல்லாக்களில் இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார். சீனியர் மாணவர் தான் பரீட்சைக்கு முந்தைய வாரம் புரட்டியதைச் சொல்வார். கனமான நூல் ஒன்றைக் கையில் வாங்கி, முப்பது பக்கம் தாண்ட முடியாமல் மூடி வைக்கும் மாணவர் என்ன முடிவுக்கு வருகிறார் தெரியுமா? புத்தகம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவர் நினைப்பதில்லை. இந்தப் பாடமே தனக்கு வராது என்று நினைத்துவிடுகிறார். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த எண்ணம் மனதில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

கிதாபுகளுக்குள் இருக்கும் வரிசை

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. எந்தக் கிதாபுக்குப் பின் எந்தக் கிதாபு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. ஹனஃபி ஃபிக்ஹ் ஓதுபவர் நூருல் ஈழாஹில் தொடங்கி, குதூரிக்கு வந்து, ஷரஹுல் விகாயாவைக் கடந்துதான் ஹிதாயாவுக்குப் போகிறார். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதுபவர் உம்தத்துஸ் ஸாலிக், ஃபத்ஹுல் முஈன் என்று ஏறி மஹல்லிக்கு வருகிறார். முதல் ஆண்டு மாணவர் கையில் ஹிதாயாவைக் கொடுக்கும் உஸ்தாதை நான் பார்த்ததில்லை. ஹிதாயா சிறந்த நூல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் கொடுக்கமாட்டார்கள்.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததும் அல்ல. ஹிஜ்ரி 620இல் வஃபாத்தான இப்னு குதாமா அவர்கள் ஹன்பலி ஃபிக்ஹில் நான்கு நூல்கள் எழுதினார்கள். ஆரம்ப மாணவருக்கு அல்உம்தா. அதில் பெரும்பாலும் ஒரே கருத்துதான் இருக்கும். அடுத்து அல்முக்னிஃ, இங்கே ஒரே மத்ஹபுக்குள் இருக்கும் மாறுபட்ட அறிவிப்புகள் வரும். அதற்கு மேல் அல்காஃபியில் ஆதாரங்கள் அறிமுகமாகும். கடைசியாக அல்முக்னீ, அதில் எல்லா மத்ஹபுகளின் கருத்துகளையும் வைத்து விவாதிப்பார்கள். எழுதியவர் ஒருவர், பாடம் ஒன்று, படிகள் நான்கு. அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி அவர்கள் ஷாஃபிஈ ஃபிக்ஹில் பஸீத், வஸீத், வஜீஸ் என்று விரிவு, நடுத்தரம், சுருக்கம் என மூன்று அளவுகளில் எழுதிவிட்டார்கள்.

இதன் பின்னால் இருக்கும் கல்விக் கொள்கையைத் தெளிவாக எடுத்துப் பேசியவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில் கல்வி பற்றிய பகுதிகளில் மூன்று விஷயங்கள் நம் தலைப்புக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒரு பாடத்தை மாணவர் மூன்று சுற்றில் கற்க வேண்டும்: முதலில் முக்கியமான விஷயங்களின் பொதுவான வடிவம், பிறகு விளக்கங்களும் வேறுபாடுகளும், மூன்றாவதாகக் கடினமான முடிச்சுகள். இரண்டாவது, ஒரே துறையில் நூல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதே கற்பவருக்குத் தடையாகிவிடும் என்கிறார். மூன்றாவது, அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்ட நூல்கள் கல்வியைக் கெடுக்கின்றன என்கிறார். மனப்பாடத்துக்கு எளிது என்று சுருக்கப்போய், ஆரம்ப மாணவர் புரிந்துகொள்ள முடியாத இறுக்கமான வாசகங்கள் வந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை.

கடைசிக் கருத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கடைகளில் தொங்கும் கைடுகள்தான் நினைவுக்கு வரும். மத்ன் என்ற சுருக்க நூலுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை வரி வரியாக விளக்க உஸ்தாத் எதிரில் இருப்பார், ஓரத்தில் ஷரஹும் ஹாஷியாவும் இருக்கும். கைடில் சுருக்கம் மட்டும் இருக்கிறது, உஸ்தாத் இல்லை. கைடே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாடத்தைப் புரிந்து படித்து முடித்தவர், தேர்வுக்கு முன் கேள்வி வடிவம் பார்க்க அதைப் பயன்படுத்தலாம். முதல் நூலாக அதை வாங்குவதுதான் தவறு.

மற்றப் பாடங்களிலும் இதே வரிசையை அமைத்துக்கொள்ளலாம். வரலாறு படிக்க விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்கள் முதல் படி. கல்லூரியில் படிப்பவருக்கும் இது கௌரவக் குறைச்சல் இல்லை. அடுத்த படியில், ஒரு காலகட்டம் முழுவதையும் சுற்றிக்காட்டும் நூல்: இடைக்கால இந்தியாவுக்கு சதீஷ் சந்திரா, தென்னிந்தியாவுக்கு நீலகண்ட சாஸ்திரி. அதன் பிறகுதான் ஒரே பொருளை ஆழமாக ஆராயும் நூல். உதாரணம், முகலாயர் கால விவசாய அமைப்பு பற்றி இர்ஃபான் ஹபீப் 1963இல் வெளியிட்ட ஆய்வு. இந்த மூன்றாம் படி நூலை, 'முகலாயர் வரலாறு தெரிந்துகொள்ள நல்ல புத்தகம்' என்று ப்ளஸ் டூ மாணவருக்குப் பரிசளிப்பவர்கள் இருக்கிறார்கள். நில வரிக் கணக்குகளுக்குள் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இயற்பியலில் பள்ளிப் பாடநூலுக்கு அடுத்து எச்.சி. வர்மாவின் இரண்டு பாகங்கள், பிறகு ஹாலிடே-ரெஸ்னிக், பிறகு ஃபெயின்மனின் விரிவுரைகள். ஃபெயின்மன் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத்தான் அந்த விரிவுரைகளை நடத்தினார் என்றாலும், பாடத்தை ஒரு முறை கடந்து வந்தவருக்குத்தான் அவற்றின் அருமை தெரியும். பொருளாதாரம், வேதியியல் எல்லாவற்றிலும் இதே போன்ற வரிசை உண்டு. அந்தந்தத் துறை ஆசிரியரிடம் "எது சிறந்த புத்தகம்?" என்று கேட்காமல், "முதலில் எது, அதற்குப் பிறகு எது?" என்று கேளுங்கள். பதில் உடனே மாறும்.

எந்தப் பாடம் எத்தனை ஆண்டில் பழசாகிறது

படியைத் தீர்மானித்த பிறகு பார்க்க வேண்டியது நூலின் வயது. இங்கேதான் பழைய புத்தகக் கடைகளில் பலர் பணத்தை இழக்கிறார்கள். வேறு சிலர் தேவையில்லாமல் புதியது வாங்கியும் இழக்கிறார்கள்.

கணிதம் மெதுவாகத்தான் பழசாகும். ராமானுஜனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஹார்டி, 1908இல் வெளியிட்ட தூய கணித நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. கால்குலஸ் படிக்க மூன்று பதிப்புகளுக்கு முந்தைய பிரதி நடைபாதைக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பயிற்சிக் கணக்குகளின் எண் வரிசை மாறியிருக்கலாம், அவ்வளவுதான். இலக்கணமும் தர்க்கமும் இதே இனம்.

சட்டமும் வணிகவியலும் அப்படியல்ல. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் வழக்கறிஞருக்குப் பழைய நூலும் தேவைப்படும். ஆனால் சட்டக் கல்லூரியில் இப்போது சேரும் மாணவர், மலிவாகக் கிடைத்தது என்று பழைய தண்டனைச் சட்ட விளக்கத்தைத் தன் முதல் நூலாக வாங்கினால், தேர்வில் எழுதும் எண்ணெல்லாம் தப்பாகும். பி.காம். மாணவருக்கும் இதே கதைதான். 2017 ஜூலை 1க்கு முன் வந்த மறைமுக வரி நூலில் ஜி.எஸ்.டி. நடைமுறை இருக்காது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. வருமான வரிப் பாடநூல் வாங்கும் முன், தேர்வு எந்தச் சட்டத்தின்படி என்று கல்லூரியில் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். நம் ஜமாஅத் நிர்வாகிகள் வக்ஃப் சட்ட விளக்க நூல் வாங்குவதானால் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தோடு 2013, 2025 திருத்தங்களும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல பள்ளிவாசல் அலமாரிகளில் இருப்பது இவற்றுக்கெல்லாம் முந்தையது.

பொது அறிவு நூல்களைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்று போட்டிருக்கிறது? 38க்குக் குறைவாக இருந்தால் வைத்துவிடுங்கள். கோள்கள் ஒன்பது என்று இருந்தால், 2006இல் புளூட்டோ அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது ஆசிரியருக்கு இன்னும் எட்டவில்லை. ஜம்மு காஷ்மீரை மாநிலம் என்று எழுதியிருந்தால் 2019க்கு முந்தைய சரக்கு. அட்டையில் "புதிய பதிப்பு" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் உள்ளே இந்த மூன்றையும் பாருங்கள்.

"பதிப்பு" என்ற சொல்லையே நம்பி ஏமாற வேண்டாம். பதிப்பு என்றால் உள்ளடக்கம் திருத்தப்பட்டது. மறுஅச்சு என்றால் அதே பக்கங்கள் மீண்டும் அச்சேறியவை. நம் தமிழ்ப் பதிப்பகங்களில் பல, மறுஅச்சையே பத்தாம் பதிப்பு என்று போடும் வழக்கம் உள்ளவை. முகப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதல் பதிப்பு ஆண்டும் திருத்திய பதிப்பின் ஆண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

பத்து நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள்

ஒரு கலையை ஓதத் தொடங்கும் முன் அதன் பத்து அடிப்படைகளை அறிந்துகொள்ள வேண்டும் என்பது மதரஸா மரபு. 'மபாதி' என்று சொல்வோம். அந்தக் கலையின் வரையறை என்ன, அது எதைப் பற்றிப் பேசுகிறது, அதனால் பயன் என்ன, மற்றக் கலைகளோடு அதன் தொடர்பு என்ன, அதை உருவாக்கியவர் யார், எங்கிருந்து ஆதாரம் எடுக்கிறது என்று போகும் அந்தப் பட்டியல். இதை உலகக் கல்வி நூல்களுக்கும் அப்படியே பயன்படுத்தலாம் என்பது பி.ஏ. படிக்கும் காலத்திலிருந்து என் வழக்கம். முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் புரட்டினால் இந்தக் கேள்விகளில் பாதிக்காவது பதில் கிடைக்க வேண்டும். யாருக்காக எழுதினேன், எதைத் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதினேன் என்பதை முன்னுரையில் சொல்லாத பாடநூலை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அடுத்து, மாணவருக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத பகுதியைப் படித்து நூலை எடைபோட முடியாது. தெரிந்ததை இந்த ஆசிரியர் தெளிவாகவும் சரியாகவும் சொல்லியிருந்தால், தெரியாததையும் அப்படியே சொல்லியிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது. பிறகு, இன்னும் படிக்காத ஓர் அத்தியாயத்தில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் அது அடுத்த படிக்கான நூல். ஒன்றுமே தடுக்கவில்லை என்றால் அவர் அந்தப் படியைக் கடந்துவிட்டார், காசு வீண். இந்தச் சோதனையை மாணவர்தான் செய்ய வேண்டும், அவருடைய வாப்பா அல்ல. ஆன்லைனில் வாங்குபவர்கள், அதே நூலை முதலில் ஒரு நூலகத்தில் பார்த்துவிடுவது நல்லது. சென்னையில் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய வாய்ப்புகள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களிலும் பாடநூல்கள் உண்டு.

கடைசிப் பக்கங்களில் பொருளடைவு இருக்கிறதா, மேற்கோள் எடுத்த நூல்களின் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹதீஸ் துறையில் அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம்? வரலாற்று நூலில் ஆதாரம் சொல்லாமல் எழுதும் ஆசிரியரையும் அதே கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை. அவர் நம்மைப் புகழ்ந்து எழுதியிருந்தாலும் சரி.

இங்கே நம் சமுதாயக் கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இஸ்லாமும் அறிவியலும் என்ற தலைப்பில் எத்தனையோ நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஈமானுக்கு வலுச் சேர்க்கும் என்று படிப்பவர் படிக்கட்டும். ஆனால் கருவியலோ வானியலோ கற்பதற்கு அவை நூல்கள் அல்ல. அவற்றை எழுதியவர்களில் பலர் அந்தத் துறைகளைக் கற்றவர்களும் அல்லர். மருத்துவம் படிக்க விரும்பும் பெண் பிள்ளைக்கு உயிரியல் நூல் வாங்கிக் கொடுங்கள். ஃபத்வா கேட்க ஆலிமிடம் வாருங்கள் என்று நாங்கள் சொல்வது போலத்தான் இதுவும். அந்தந்தத் துறைக்கு அந்தந்தத் துறையினர்.

தமிழ்வழியில் படித்தவருக்கு இன்னொரு சிரமம் உண்டு. 1960, 70களில் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களுக்காக நூற்றுக்கணக்கான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றில் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம். தத்துவம், வரலாறு, கணிதம் போன்ற பாடங்களில் அவை இன்றும் பயன் தரும். ஆனால் கலைச்சொற்கள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகின்றன. இலங்கை நூலில் இரசாயனவியல் என்பது இங்கே வேதியியல், அங்கே பௌதிகவியல் இங்கே இயற்பியல். எனவே தமிழில் பாடநூல் எடுப்பவர், பின்னிணைப்பில் ஆங்கிலச் சொற்களோடு கலைச்சொல் பட்டியல் உள்ள நூலையே எடுக்க வேண்டும். அடுத்த படியில் ஆங்கில நூலுக்குப் போகும்போது அந்தப் பட்டியல்தான் பாலம். மொழிபெயர்ப்பு நூலானால் மூல நூலின் பெயர், ஆண்டு, மொழிபெயர்த்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். மூல நூலின் ஆண்டை மறைத்துப் பழைய நூலைப் புதியது போல விற்பதும் நடக்கிறது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் படிக்க விரும்பும் தமிழ் எம்.ஏ. மாணவர்களுக்கு மட்டும் நேராக ஒரு பெயர் சொல்லிவிடுகிறேன்: ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் இருவரும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு. பல தொகுதிகள். முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. எந்த இலக்கிய வகை பாடத்தில் இருக்கிறதோ அந்தத் தொகுதி போதும்.

பள்ளிவாசல் நூலகங்களுக்கு நூல் வாங்குவது தனிக் கலை. பணம் பலருடைய நன்கொடை, அமானிதம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931இல் வெளியிட்ட நூலக விதிகளின் மையக் கருத்து, நூல் என்பது பூட்டி வைக்க அல்ல என்பதுதான். நம் நூலகங்களில் பலவற்றில் நிலைமை வேறு. கண்ணாடி அலமாரியில் தங்க எழுத்துப் பொறித்த தொகுதிகள், சாவி முத்தவல்லியிடம். நூல் வாங்கும் முன் மஹல்லாவில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், யார் என்ன பாடம் படிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பத்துப் பேர் நீட் எழுதுகிறார்கள், நான்கு பேர் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார்கள் என்றால் அவர்களுக்கான நூல்களில் இரண்டிரண்டு பிரதிகள், ஒரு கலைக்களஞ்சிய வரிசையை விட அதிகம் பயன்படும். டி.என்.பி.எஸ்.சி.க்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான அரசுப் பாடநூல்கள்தான் அஸ்திவாரம். 2018, 2019ஆம் கல்வியாண்டுகளில் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தைய பிரதிகளை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் மரியாதையோடு மறுத்துவிடலாம்.

கடைசியாக, பி.டி.எஃப். விஷயம். "ஹஜ்ரத், டெலிகிராமில் எல்லாப் புத்தகமும் வருகிறதே, கூடுமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எழுதியவரின் உரிமை விற்கத்தக்க சொத்தா என்பதில் முந்தைய உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 1988இல் குவைத்தில் கூடிய ஐந்தாவது அமர்வில், நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமை, அதை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. நானும் அதையே சொல்கிறேன். அதே நேரத்தில் நாட்டுச் சட்டம் படிப்புக்குச் சில சலுகைகள் தருகிறது. பாடத்துக்காக நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. முழு நூலை அப்படியே இறக்கிக்கொள்வது வேறு, தேவையான அத்தியாயத்தை நகலெடுப்பது வேறு.

உரிமையாளர்களே இலவசமாகத் திறந்து வைத்திருப்பவற்றை எடுத்தால் இந்தக் கேள்வியே எழாது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள், என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் முழுவதும் அவர்களுடைய தளங்களிலேயே கிடைக்கின்றன. இக்னோவின் பட்டப் படிப்புப் பாடங்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இருக்கின்றன. ஆலிம் ஓதிக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.ஏ. எழுதும் மாணவர்களுக்கு முதல் படியாக இவையே போதும். மேலே சொன்ன ஃபெயின்மன் விரிவுரைகளையும் கால்டெக் நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். முதல் படி நூல்களை இப்படி எடுத்துக்கொண்டு, கையிலிருக்கும் பணத்தை இரண்டாம் படி நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு வழக்கமாகக் கிடைக்கும். அதற்குள் எது வேண்டும் என்பது மாணவருக்கே தெரிந்திருக்கும்.